அறைந்து பார்த்து ஆள் எடுத்தவர்

மிஸ் அந்த மனிதரின் கன்னத்தில் அறைந்தபோது நான் பக்கத்து மேசையில் இருந்து குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். அன்று நேர்முகத் தேர்வுக்கு வந்தவர்களில் அவர் மூன்றாமவர். கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டு அணிந்து, இரண்டு பாடசாலை அதிபர்களின் நற்சான்றிதழ்களோடு, கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர் பதவிக்கு விண்ணப்பித்திருந்தார். "உங்களுக்குக் கீழை எத்தினை பேர் வேலை செய்தவை?" என்று மிஸ் கேட்டார். "ஒன்பது" என்று அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் அறை விழுந்தது. மூக்குக்கண்ணாடி கழன்று என் காலடியில் வந்து கிடந்தது.

மிஸ் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைப் பார்த்தார். வலது கை கன்னத்துக்குப் போயிற்று. இடது கை நாற்காலியின் விளிம்பை இறுக்கிப் பிடித்தது. பிறகு அந்த மனிதர் மெல்லத் திரும்பி, நான் கண்டேனா என்று பார்த்தார். அதையும் மிஸ் எழுதிக்கொண்டார். எழுதி முடித்ததும், பத்துக் கணக்குகள் அடங்கிய தாளொன்றை அவர் முன்னால் நீட்டி, "மன்னிக்கோணும். இது சோதினையின்ரை ஒரு பகுதி. ஏழு நிமிஷம் இருக்கு, துவங்குங்கோ" என்றார்.

கணக்குகள் கடினமானவை அல்ல. நாற்பது குடும்பங்களுக்கு மா வரவேண்டிய இடத்தில் இருபத்தெட்டுக்கே வந்திருக்கிறது. எந்த ஒழுங்கில், எவ்வளவு கொடுப்பது? பத்தாம் வகுப்பு மாணவனும் ஆறுதலாக இருந்தால் செய்துவிடுவான். கன்னம் எரியும்போது செய்பவர்தான் தமக்கு வேண்டும் என்பது மிஸ்ஸின் நிலைப்பாடு. வெள்ளைச் சேட்டுக்காரர் மூன்று கணக்குகளைச் செய்தார். மூன்றும் பிழை.

அது தொண்ணூற்றொன்றாம் ஆண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பொருள்கள் வரும் பாதைகள் போரால் அடைபட்டிருந்தன. சங்கக்கடையில் கொடுக்கும் மாவும் சீனியும் பருப்புமே பல வீடுகளில் அடுப்பெரியக் காரணம். வலிகாமத்தில் பல கிளைகளைக் கொண்ட ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் மிஸ் ஆளணி அலுவலராக இருந்தார். வயது நாற்பதுக்கு மேல், மெலிந்த உருவம், வெயில் காலத்திலும் மணிக்கட்டு வரை கை வைத்த சட்டை. நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்து முடித்து, சமூகத்துக்குப் பயன்படவேண்டும் என்ற எண்ணத்தோடு, அவருக்கு உதவியாளனாகச் சேர்ந்திருந்தேன். முதல் வாரத்திலேயே நான் கண்ட காட்சி அந்த அறை.

சங்கம் இதைப் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் இருந்தது. முந்திய ஆண்டு எங்கள் கிளையொன்றின் முன்னால் மாவுக்காக இருநூறு பேரளவில் நின்றபோது, பொம்பர் விமானம் வரும் சத்தம் கேட்டிருக்கிறது. அயலில் சீமெந்துக் கூரையுள்ள கட்டடம் அது ஒன்றுதான். சனம் அதற்குள் புக ஓடிவந்தது. மூட்டைகள் சூறையாடப்படும் என்று அஞ்சிய மனேச்சர், இரும்புப் படலையைப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டு உட்பக்கம் நின்றார். பின்னால் வந்தவர்கள் முன்னால் நின்றவர்களைப் படலைக் கம்பிகளோடு வைத்து நெரித்தார்கள். குண்டு அரை மைல் தள்ளி வாழைத்தோட்டம் ஒன்றில் விழுந்தது. அங்கே ஒருவருக்கும் காயமில்லை. படலையில் நான்கு பேர் இறந்திருந்தார்கள். சடலங்களைத் தூக்கியவர்களில் மிஸ்ஸும் ஒருவர். முகங்களில் கம்பியின் தடம் பதிந்திருந்ததாக அவர் எனக்குச் சொன்னார், அதற்குமேல் சொல்லவில்லை. அந்த மனேச்சர் சங்கத் தலைவரின் சிபாரிசில் வந்தவர்; எழுத்துப் பரீட்சையில் முதலாவதாகத் தேறியவர். அதன்பிறகு, ஆள் எடுக்கும் வேலையை மிஸ்ஸின் கையில் விட்டுவிட்டுத் தலைவர் ஒதுங்கிக்கொண்டார்.

அறை விழும் செய்தி ஊரில் பரவ அதிக நாள் செல்லவில்லை. அடுத்த தடவை வந்தவர்கள் கன்னத்தை இறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருவர் உள்ளே வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பத்திரமாகப் பைக்குள் வைத்தார். மிஸ் சிரித்துவிட்டு அவருடைய நாற்காலியைக் காலால் இழுத்தார். இன்னொருவரின் சான்றிதழ்ப் பிரதியின் மேல் சுடுதேநீரை ஊற்றினார். அந்த மனிதர் மேசையைத் தாண்டிப் பாய்ந்து மிஸ்ஸின் கழுத்தை இரு கைகளாலும் நெரித்தார். நானும் காவலாளியும் அவரைப் பிரித்தெடுத்தபோது மிஸ்ஸின் உதடு நீலம் பாரித்திருந்தது. சிறிது தண்ணீர் குடித்துவிட்டு அவர் செய்த முதல் வேலை, தாளில் எழுதியது: "இரண்டு கையும். வலது பெருவிரலில் அழுத்தம் அதிகம்."

"பொலிசிலை குடுக்கவோ, எங்கை குடுக்கிறது மிஸ் இந்த விசரனை?" என்று காவலாளி கேட்டார்.

"களஞ்சியத்துக் காவலுக்குக் குடும். உவர் சாமானை விடமாட்டார். சனத்துக்குப் பக்கத்திலை மட்டும் விடப்படாது."

அப்படியே செய்யப்பட்டது. அவர் காவல் இருந்த காலத்தில் ஒரு மூட்டையும் குறையவில்லை.

இந்தப் பார்வையை மிஸ் அலுவலகத்தோடு விட்டுவிடவில்லை. சந்தையில் இரண்டு மீன்காரர் கத்தியோடு மல்லுக்கட்டியபோது எல்லோரும் விலக, அவர் சைக்கிளை நிறுத்திவிட்டு அருகே போய் நின்று பார்த்தார். ஓங்கிய கத்தியைத் தானாகவே தாழ்த்தியவரிடம்தான் அன்று மீன் வாங்கினார். ஒரு பகல், அலுவலகத்துக்கு மேலாக ஹெலிகொப்டர் சுட்டுக்கொண்டு போனது. ஓடுகள் நொறுங்கி விழ, நாங்கள் குனிந்தபடி வளவில் வெட்டியிருந்த பங்கர்க் குழிக்கு ஓடினோம். என் முன்னால் தட்டெழுத்துப் பிள்ளை ஒருத்தி விழுந்து கிடந்தாள். சத்தம் அடங்கி வெளியே வந்தபின், மிஸ்ஸின் மேசையில் ஒரு குறிப்பைக் கண்டேன். "தலைவர், தட்டெழுத்தாளரின் முதுகில் மிதித்துப் பங்கருக்குள் இறங்கினார். காலணியைக் கழற்றவில்லை." அதை அவர் யாருக்கும் அனுப்பவில்லை. எனினும், எழுதப்பட்டிருக்கிறது என்பது தலைவருக்குத் தெரிந்திருந்தது. என்னைப் பற்றி என்ன எழுதினார் என்று கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை. நான் அந்தப் பிள்ளையைச் சுற்றிக்கொண்டு ஓடியிருந்தேன், மிதிக்கவில்லை, தூக்கவுமில்லை.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "மிஸ், ஆக்களை அடிச்சுப் பாத்து எடுக்கச்சொல்லி எந்தப் புத்தகத்திலை கிடக்கு?"

"ஒண்டிலையும் இல்லைத் தம்பி. புத்தகத்திலை கிடந்ததெல்லாத்தையும் நான் கொழும்பிலை செய்து பாத்திட்டன்."

அவர் கொழும்பில் ஒரு தொழிற்சாலையில் இதே வேலையில் இருந்தவர். குரலை உயர்த்தாமல், வேறு யாரோ ஒருவருக்கு நடந்ததைச் சொல்வது போலச் சொன்னார். "ஒரு மேற்பார்வையாளர் தேவைப்பட்டது. மூண்டு தாள் சோதினை வைச்சனான். ஒருத்தர் மூண்டிலையும் முதல். நல்ல மரியாதை, கதவைத் திறந்து பிடிச்சு எங்களைத்தான் முதல் விடுவார். எண்பத்துமூண்டு யூலைக் கலவரத்திலை கேற்றை உடைச்சுக்கொண்டு காடையர் வரேக்கை, நாங்கள் ஏழு தமிழ்ப் பிள்ளையள் உடுப்பு மாத்திற அறைக்குள்ளை ஒளிச்சிருந்தம். ஒருத்தன் அந்த மேற்பார்வையாளருக்கு முன்னாலை கம்பியை ஓங்கினான். ஓங்கினது மட்டும்தான் தம்பி, அடிக்கேல்லை. கதவு இடுக்காலை பாத்துக்கொண்டு நிண்டனான். அந்தாள் ஒரு சொல்லும் கதைக்கேல்லை. நாடியை நிமித்தி எங்கடை அறையைக் காட்டினார்."

அறையைப் பூட்டி நெருப்பு வைத்திருக்கிறார்கள். ஏழு பேரில் மூன்று பேரே வெளியே வந்தார்கள்.

"கதவை உடைச்சு எங்களை இழுத்தது கன்ரீன்காரர். அவரும் சிங்கள மனிசன்தான். என்ரை சோதினையிலை ரண்டு தரம் கோட்டை விட்டவர். உவரை ஒரு பொறுப்புக்கும் விடேலாது எண்டு நான்தான் எழுதினனான். மண்வெட்டிப் பிடியாலை அடிச்சு அவரின்ரை தோளெலும்பை முறிச்சவங்கள். முறிஞ்சாப்பிறகும் அவர் என்ரை கையை விடேல்லை."

அவர் சட்டைக் கையைச் சற்று மேலே இழுத்தார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை தோல் மெழுகு உருகி உறைந்தது போல் இருந்தது. உடனே இறக்கிவிட்டு, அடுத்த விண்ணப்பத்தை எடுத்தார்.

அவர் கற்றுக்கொண்டது உண்மை என்பதை என்னால் மறுக்க முடியவில்லை. அவர் செய்வது சரியல்ல என்பதையும் விட்டுக்கொடுக்க முடியவில்லை. பல நாள் யோசித்து, இரண்டுக்கும் நடுவே ஒரு வழியைக் கண்டதாக நினைத்தேன். மிஸ்ஸின் அடி எல்லோருக்கும் ஒரே அளவாக விழவில்லை. ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கு மெதுவாக விழுந்தது. அகந்தையான முகங்களுக்குப் பலமாக விழுந்தது. பெண்களுக்கு அறைக்குப் பதிலாக மேசையில் பிரம்பு விழுந்தது. அளவுகோல் நாளுக்கு நாள் மாறினால் அளவுக்கு என்ன பொருள்? இதை இரண்டு பக்கத்தில் எழுதி, மாற்று முறையொன்றையும் சேர்த்துக் கொடுத்தேன். சண்டிலிப்பாயில் எங்கள் களஞ்சிய முற்றத்தில் ஒரு மேசை, ஒரு தராசு, மாவுக்குப் பதிலாக மணல். மூட்டை இறக்கும் தொழிலாளர் ஆறு பேர் வரிசையில் நிற்கும் சனமாக நடிப்பார்கள். தோளால் இடிக்கலாம், உள்ளங்கையால் தள்ளலாம், கைமுட்டி கூடாது. ஏசவேண்டிய சொற்களையும் நானே எழுதினேன். மூன்றாம் நிமிடத்தில் தகரம் ஒன்றில் இரும்பால் அடித்து ஷெல் சத்தம். ஆறாம் நிமிடத்தில் நிறுத்தம். எல்லோருக்கும் ஒரே இடி, ஒரே சொல், ஒரே நேரம்.

மிஸ் இரண்டு முறை வாசித்தார். "ஆறு பேரும் எல்லாருக்கும் ஒரே மாதிரி இடிப்பினம் எண்டு எப்பிடி நம்புறீர்?"

"எழுதிக் குடுத்தபடி செய்வினம் மிஸ்."

"எழுதினபடி அடிச்ச ஒருதரை நான் இன்னும் காணேல்லை" என்றார். ஆனால் கையொப்பமிட்டார். தாம் அடிப்பதிலிருந்து விடுபட அவரும் விரும்பியிருக்கலாம் என்று இப்போது எண்ணுகிறேன்.

புதிய முறைக்கு வந்த முதலாவது பதவி, அச்சுவேலிப் பக்கத்துக் கிளையொன்றின் மனேச்சர் பதவி. ஐந்து பேர் விண்ணப்பித்தார்கள். ஐந்தாமவர் தவராசா. அதே கிளையில் எட்டு ஆண்டுகள் நிறுத்துக் கொடுப்பவராக இருந்தவர். வயது முப்பத்தைந்து இருக்கும். அந்த ஊரின் விளிம்பில், உயர்சாதியார் ஒதுக்கி வைத்த ஒரு குடியிருப்பைச் சேர்ந்தவர். விண்ணப்பத்தை நிரப்ப என்னிடம் வந்தபோது, எதற்காக இந்தப் பதவி என்ற கேள்வியில் நிறுத்தினார்.

"உண்மையை எழுதவோ தம்பி?"

"உண்மையைத்தான் எழுதவேணும்."

"எங்கடை கடையிலை ரண்டு வரிசை. எழுத்திலை இல்லை, ஆனா இருக்கு. பெரிய ஆக்கள் முடிஞ்சாப்பிறகுதான் எங்கடை சனம். சாமான் குறைவாய் வாற கிழமையிலை எங்கடை சனத்துக்கு வெறுஞ்சாக்குத்தான். நிறுக்கிறது நான்; ஆரை முதல் விடுறது எண்டு சொல்லுறது மனேச்சர். போன மாரியிலை என்ரை தமக்கையின்ரை கைக்குழந்தை பசியாலை செத்துது. நான் தராசோடை நிண்டனான்."

நான் அதை அப்படியே எழுதினேன். நானும் அந்த உயர்சாதி வேளாண் குடும்பங்களில் ஒன்றில் பிறந்தவன்தான். இப்படியொருவர் எங்கள் முறையால் நியாயமாகத் தெரிவு செய்யப்பட்டால் அதுவே என் படிப்பின் பயன் என்றுகூட எண்ணிக்கொண்டேன்.

சோதனை நாளன்று முதல் நால்வரும் ஒருவர்பின் ஒருவராக வந்தார்கள். ஒருவர் அழுதார். ஒருவர் மேசையைக் கவிழ்த்தார். ஒருவர் அதிகம் சத்தம் போட்டவனுக்கே மணலை அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்காமவர் சுமாராகத் தாக்குப்பிடித்தார். தொழிலாளர் ஆறு பேரும் எழுதியபடியே இடித்தார்கள். இடையிடையே சிரிப்பும் வந்தது. நான் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு மனநிறைவோடு நின்றேன்.

தவராசா மேசைக்குப் பின்னால் வந்து நின்றதும் சிரிப்பு நின்றது.

முதல் இடியே வேறு விதமாக இருந்தது. பிறகு, நான் எழுதாத சொற்கள் வந்தன.

"நீ சொல்லுற ஒழுங்கிலை நாங்கள் மா வாங்கிறதோ?"

"தள்ளி நில்லடா! எங்களிலை முட்டாதை!"

"மனேச்சராமடா, மனேச்சர்! கதிரையிலை இருக்கப்போறாராம்!"

"வரிசையாய் வாங்கோ அண்ணை, எல்லாருக்கும் கிடக்கு" என்று தவராசா சொல்லிக்கொண்டிருந்தார். மணலை அள்ளினார், நிறுத்தார், நீட்டினார். இரண்டாம் நிமிடத்தில் ஒருவன் கைமுட்டியால் அவருடைய வாயில் குத்தினான். தகரச் சத்தத்துக்கு நான் கைகாட்டியபோது, அந்தச் சத்தத்தின் மறைவில் மூன்று பேர் மேசையைச் சுற்றிப் போய் முதுகிலும் விலாவிலும் அடித்தார்கள். உதட்டிலிருந்து இரத்தம் மணலில் சொட்டியது. அவர் அந்தப் பகுதியைக் கரண்டியால் ஒதுக்கிவிட்டுச் சுத்தமான மணலை அள்ளினார்.

நான் நிறுத்தவில்லை. என் மனத்தில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன்: நான்காம் நிமிடத்தில் நிறுத்தினால் அவருடைய புள்ளிகள் செல்லாமல் போகும், மற்ற நால்வரும் ஆறு நிமிடம் நின்றிருக்கிறார்கள், அவருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால் ஆறு நிமிடமும் போகவேண்டும். ஒரு மனிதனை என் கண்முன்னால் அடித்து நொறுக்குவதை அந்த நியாயத்தின் பெயரால் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு அளந்தேன். மிஸ் எனக்கு எதிர்ப்புறம் தாளோடு நின்று, வழமைபோல், சோதிக்கப்படுபவரின் கைகளை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். தவராசாவின் கைகள் தராசை விட்டு விலகவில்லை.

"நேரம்!" என்று கத்தினேன். ஒருவரும் நிறுத்தவில்லை. அவர்களில் மூத்தவன் மேசையில் இருந்த இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்துத் தவராசாவின் வலது காதோடு சேர்த்து அடித்தான். அவர் தராசைப் பிடித்தபடியே முழந்தாளில் விழுந்தார். எடைக்கல் இரண்டாம் முறை உயர்ந்தது.

அப்போதுதான் மிஸ்ஸின் பார்வை தவராசாவின் கையை விட்டு அடிப்பவனின் கைக்குப் போயிற்று. தாளைப் போட்டுவிட்டு ஓடினார். சாய்ந்துகிடந்த தராசின் இரும்புக் கோலைப் பிடுங்கி, ஓங்கிய அந்த மணிக்கட்டில் அடித்தார். எலும்பு முறிந்த சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. அவன் அலறிக்கொண்டு விழுந்தபின்னும் அவர் அடித்தார். தோளில், முதுகில், தடுக்க வந்தவனின் முழங்காலில். அது எதையும் அளக்கும் அடியல்ல. நான் பின்னால் இருந்து அவரைக் கட்டிப்பிடித்தபோது என் முகத்திலும் ஒன்று விழுந்தது.

தவராசாவைச் சாக்குக் கட்டிலில் வைத்து வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். உயிருக்கு ஆபத்து இல்லை என்றும், வலது காது இனிக் கேளாது என்றும் சொன்னார்கள்.

சங்கத்தின் விசாரணை ஒரு பிற்பகலில் முடிந்தது. என்னுடைய இரண்டு பக்கத்தையும் மேசையில் வைத்து, குற்றம் என்னுடையது என்றேன். தலைவர் புரட்டிப் பார்த்தார். "உம்மடை முறை நல்லாய்த்தானே கிடக்கு. கைமுட்டி கூடாது எண்டு வடிவாய் எழுதியிருக்கிறீர். உம்மிலை பிழை இல்லை" என்றார். அந்த விடுதலையைப் போல என்னைச் சிறுமைப்படுத்திய தண்டனையை நான் பிறகு பெற்றதில்லை. தொழிலாளர் கொஞ்சம் அத்துமீறிவிட்டார்கள் என்று முடிவாயிற்று. அதன்பின் தலைவர் மிஸ்ஸின் பக்கம் திரும்பினார்.

"ஆத்திரம் வந்தால் அடிக்கிறவை பொறுப்புக்கு ஆகாது எண்டு நீங்கள்தானே எழுதிறனீங்கள். இப்ப ஒருத்தன்ரை கையை முறிச்சிருக்கிறியள். உங்கடை சோதினையிலை நீங்களே தவறிப்போனியள்."

"ஓம், நான் தவறிப்போனன்" என்றார் மிஸ். "அவர் தவறேல்லை. முதலாவதாய் வந்திருக்கிறார். கடிதத்தைக் குடுங்கோ."

"ஒரு காது கேளாத ஆளை எப்பிடி...? அதோடை, அந்த ஊர்ச் சனம் ஏற்றுக்கொள்ளாது. யோசியுங்கோ."

மிஸ் யோசித்ததாகத் தெரியவில்லை. "நான் போறன். இந்தக் கிழமை முடிய விலகிறதாய் எழுதித் தாறன். அவரின்ரை கடிதத்திலை இப்ப கையெழுத்து வையுங்கோ. இல்லையெண்டால், பங்கர் வாசலிலை நடந்ததைப் பற்றி நான் எழுதி வைச்சது ஒண்டு கிடக்கு. அதை எல்லாக் கிளையிலும் ஒட்டிப்போட்டுத்தான் போவன்."

தலைவர் கையொப்பமிட்டார்.

கடிதத்தைக் கொடுக்க நாங்கள் இருவரும் சைக்கிளில் போனோம். தவராசா வீட்டு வாசலில் தலையைச் சுற்றிக் கட்டுப்போட்டபடி இருந்தார். இருக்கச் சொல்லி மர வாங்கு ஒன்றை இழுத்துப் போட்டார். தேநீர் குடிக்கிறீர்களா என்று கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று விளங்கியதால், நானே கேட்டு வாங்கிக் குடித்தேன். அதனால் எதுவும் சரியாகிவிடவில்லை.

அவர் கடிதத்தை வாசித்துவிட்டு, கேட்கும் காதை எங்கள் பக்கம் திருப்பினார். "நான் ஒண்டு கேக்கிறன் தம்பி. நான் திருப்பி அடிச்சிருந்தால் என்ன எழுதியிருப்பியள்?"

"பொறுமை இல்லை எண்டு" என்றேன்.

"அடிச்ச ஆறு பேருக்கும் என்ன எழுதினீங்கள்?"

எங்கள் தாளில் அதற்கு இடமே இருக்கவில்லை.

"நான் கையை அடக்கினது பொறுமையாலை எண்டு நினைக்கிறியள். சின்ன வயசிலை இருந்து அடி வாங்கின கை அது. அதுக்கு வேறை ஒண்டும் தெரியாது. அதுக்குப் போய் முழுப்புள்ளி போட்டிருக்கிறியள்."

மிஸ் எழுந்து அவர் முன்னால் போய் நின்றார். "என்னை அடியும்" என்றார்.

தவராசா கடிதத்தை மடித்தார். "வேண்டாம் மிஸ். அடிச்சாலும் நீங்கள் என்ரை கையைத்தான் பாத்துக்கொண்டு நிப்பியள்."

எனக்குத் தெரிந்து, மிஸ்ஸின் முகத்தில் அடி விழுந்ததைக் கண்டது அன்றுதான்.

"எனக்கு வேறை ஒண்டு செய்து தாங்கோ" என்றார் தவராசா. "இந்தக் கடையிலை ஒரே வரிசைதான் எண்டு எழுத்திலை வேணும். நான் வாயாலை சொன்னால் என்னைக் கொல்லுவினம். எழுத்திலை இருந்தாலும் அடிப்பினம். ஆனா அடிக்கேக்கை எதுக்கு அடிக்கினம் எண்டு ஒரு தாளிலை கிடக்கும்."

மிஸ்ஸின் பதவிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. என் கையில் இருந்த வெற்றுத்தாளை வாங்கி, வாங்கின் மேல் வைத்து எழுதிக் கையொப்பமிட்டார்.

திங்கட்கிழமை காலை நான் அந்தக் கடைக்குப் போனபோது எதிர்ப்புற வேலியோரம் மிஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் அப்போது சங்கத்தில் எந்தப் பதவியிலும் இல்லை. தவராசா அறிவித்தலைக் கதவில் ஒட்டிவிட்டுத் தராசுக்குப் பின்னால் நின்றார். கட்டு இன்னும் அவிழ்க்கப்படவில்லை. சனம் வந்தது, ஆனால் வரிசை உருவாகவில்லை. குடியிருப்புப் பெண்கள் ஒருபுறம் ஒதுங்கி நின்றார்கள். ஊர்க்காரர் மறுபுறம் நின்று ஏசினார்கள். ஒரு கல் வந்து கதவில் பட்டது.

"வந்த ஒழுங்கிலை நிண்டால்தான் தராசு தூக்குவன்" என்றார் தவராசா. "நிக்காட்டில் மூட்டை அவிழாது. எனக்கும் மா இல்லை, உங்களுக்கும் இல்லை."

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் அப்படியே போயிற்று. வானம் வெளித்திருந்தது, பொம்பர் வருவதற்கு ஏற்ற வானம். பிறகு, கைக்குழந்தையோடு இருந்த ஒரு குடியிருப்புப் பெண் நடந்துபோய்த் தராசின் முன் நின்றாள். அவளுக்குப் பின்னால் வேறு யாரும் வராத அந்த இடைவெளியில், ஊரில் பெரியவராக மதிக்கப்பட்ட ஒருவர், மனைவியும் தாமுமாக வந்தார். தமக்கு முன்னால் நிற்பவளைக் கண்டார். கையை ஓங்கினார்.

நான் மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் கண்களை இறுக மூடிக்கொண்டு, சைக்கிளின் கைபிடியைப் பிடித்தபடி நின்றார்.

"தம்பி, என்ன நடக்குது?"

ஓங்கிய கை விழுந்தது. பெண்ணின் தோளில் பட்டது. அவள் தள்ளாடினாள், விலகவில்லை. தவராசா தராசைக் கீழே வைத்துவிட்டு மேசைக்கு வெளியே வந்து, அவர்கள் இருவருக்கும் நடுவே நின்றார். மறுபடியும் அந்தக் கை எழவில்லை. பெரியவர் காறித் துப்பிவிட்டு, வெறும் பையோடு திரும்பி நடந்தார். பத்தடி போய், மனைவியைக் கூப்பிட்டார். அந்த அம்மா தலையைக் குனிந்துகொண்டு, குழந்தைக்காரியின் பின்னால், ஒரு முழம் இடைவெளி விட்டு நின்றார்.

"சொல்லும் தம்பி" என்றார் மிஸ், கண்ணைத் திறவாமலே.

"அவர் போயிட்டார் மிஸ். அவரின்ரை மனிசி வரிசையிலை நிக்கிறா."

"அது போதும்" என்று சொல்லிவிட்டு, அவர் சைக்கிளைத் திருப்பினார்.